இறக்கு – ஒரு முறை மட்டும்

என் பேரு மனோகரன். தரங்கம்பாடிக்கு வடக்கால ஒரு மீனவ கிராமத்துல போட் இன்ஜின் ரிப்பேர் பாக்கிறேன். வருஷத்துல ஒரு நாள் மட்டும் ஆர்மோனியம் வாசிப்பேன். அந்த ஒரு நாளுக்காக அஞ்சு மாசத்துல பதினேழு தடவை தஞ்சாவூர் போயிட்டு வந்தேன். இசைநாடகப் பிரதி ஒழுங்கமைவு வாரியம்னு ஒண்ணு இருக்குன்னு அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது. இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட அவங்க படிவ நம்பரைச் சொல்லிடுவேன்.

மீன்பிடித் தடைக்காலத்துல, வைகாசி ரெண்டாம் வெள்ளி, எங்க ஊர்ல 'கடலரசி கல்யாணம்' போடுவோம். வசனம் கம்மி, முக்காவாசி பாட்டுதான். தடைக்காலம் முடிஞ்சா ஆம்பளைங்க எல்லாம் கடலுக்குப் போயிடுவாங்க, அதனால நாளைத் தள்ளிப்போட வழியில்ல. மூணு வருஷமா கடலரசி வேஷம் கட்டுறது என் பொண்ணு சுவேதா. மயிலாடுதுறையில நர்சிங் படிக்கிறா. ஊசி போட வேண்டிய கைன்னு அவ அம்மா சௌந்தரநாயகி வீட்டுல அவளை ஒரு மீன் அறுக்க விடமாட்டா.

நாடகத்துல ஒரு எடம் வரும். கடலரசியை ஒரு பலகையில உக்கார வச்சு, கயித்தைக் கட்டி, பன்னண்டு அடி உசரத்துக்குத் தூக்குவோம். 'அலையே வழிவிடு, அரசி வருகிறாள்'னு பாட்டு. அதுல 'வருகிறாள்'ங்கிற வார்த்தையோட முதல் எழுத்து விழுறப்ப கயிறு இளகணும். எட்டுத் தாளத்துக்குள்ள பலகை தரையைத் தொட்டுடணும். கயிறு புடிக்கிறவங்க ஆறு பேரு, அய்யாக்கண்ணு அண்ணன்தான் தலை. பக்கத் தட்டிக்குப் பின்னாடி நிக்கிறதால அவங்களுக்கு மேடை தெரியாது. ஒரு வருஷம் கூட்டத்துலேருந்து எவனோ வெளையாட்டா "இறக்குடா"ன்னு கத்த, இவங்க விட்டுட, பலகையில உக்காந்திருந்த அய்யாக்கண்ணு அண்ணன் மச்சானுக்கு இடுப்பெலும்பு போச்சு. அன்னிலேருந்து வாயால சொன்னா இறக்குறதில்ல, பாட்டுக்குத்தான் இறக்குறதுன்னு கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணி வச்சிருக்காங்க.

பாட்டு நோட்டு என்கிட்ட இருக்கு. மேல சுரம், கீழ பாட்டு, எந்த எழுத்துல எது நடக்கணுமோ அந்த எழுத்து மேலயே சிவப்புப் பேனாவுல 'ஏற்று', 'இறக்கு', 'விளக்கை அணை'. நான் அதைப் பாத்து வாசிப்பேன், என் வாசிப்பைக் கேட்டு அவங்க இழுப்பாங்க. நடுவுல யாரும் யாரையும் எதுவும் கேக்க வேண்டியதில்ல.

இந்த வருஷம் ஸ்டேஷன்ல பர்மிஷன் கேக்கப் போனா, வாரியத்துச் சான்று இல்லாம எந்த இசைநாடகமும் கூடாதுன்னு புது உத்தரவுன்னாங்க. பொரையாறுல பஸ் ஏறினேன்.

வாரியம் ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மாடியில இருந்துச்சு. கவுன்ட்டர்ல சாய்ராம்னு ஒரு சின்ன வயசுக்காரர். பரிட்சை எழுதி வேலைக்கு வந்தவர், படிச்சது வேதியியல். நோட்டைப் புரட்டிப் பாத்தவருக்கு முகம் மாறிப்போச்சு.

"சார், பாட்டு வரிக்குள்ள குறிப்பு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க. அந்த எடத்துலதானே நடக்குது."

"நடக்கிறது உங்க விஷயம் சார். எழுதுறது எங்க விஷயம். விதி பதினாலு. சுரம் பாட்டோட சொத்து, குறிப்பு மேடையோட சொத்து. ரெண்டும் ஒரே வரியில இருந்தா அது ஆக்கிரமிப்பு. இடது ஓரத்துல எழுதி எடுத்துட்டு வாங்க."

எண்பத்திநாலு பக்கத்தையும் திருப்பி எழுதினேன். சௌந்தரநாயகி மை ஊத்திக் கொடுத்தா. எடுத்துட்டுப் போனா, வாங்கின சாய்ராமே ஓரத்துல ஓட்டை போட்டுக் கோப்புக் கயிறு கோத்தாரு. முப்பத்தோராம் பக்கத்துல 'இறக்கு'ங்கிறதுல நடு எழுத்து ஓட்டையோட போயிடுச்சு. மறு தடவை போனப்ப, குறிப்பு தெளிவா இல்லைன்னு அவரே திருப்பிக் கொடுத்துட்டாரு.

"ஓட்டை நீங்க போட்டதுதானே?"

"ஆமா சார். ஆனா ஓட்டைக்குத் தனி விதி இருக்கு. வலது ஓரத்துல எழுதிடுங்களேன்."

வலது ஓரத்துல எழுதி முடிக்கிறதுக்குள்ள வாரியத் தலைவர் ரவிசங்கர் அய்யாவும், உறுப்பினர் மாதங்கி அம்மாவும் வெளிநாடு போயிட்டு வந்துட்டாங்க. அங்க பாட்டாலேயே நடத்துற நாடகம் பெரிய பெரிய அரங்கத்துல நடக்குதாம், அந்தப் பாட்டுப் புத்தகத்துல குறிப்பை எங்க போடுறாங்கன்னு பாக்க அரசாங்கம் பத்து நாள் அனுப்புச்சு. திரும்பி வந்ததும் தலைவர் என்னை நேர்லயே கூப்பிட்டாரு. எனக்கு ஒரே பெருமை. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன்.

"அங்கே குறிப்பெல்லாம் வரிக்கு மேலே, சாய்வெழுத்தில் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது" அப்படின்னாரு.

"நாடகம் எப்படிங்கய்யா இருந்துச்சு?"

"நாடகம் பார்க்கவில்லை. அச்சடிக்கிற இடத்தைப் பார்த்தோம். நான் முப்பது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை. பார்த்தால் பிரதியின் மேல் நடுநிலை கெட்டுவிடும்."

மாதங்கி அம்மா பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தாங்க. "மேலே இல்லை, கீழே. நானும் அதே அச்சகத்தில்தான் நின்றேன்" அப்படின்னாங்க. ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தைத்தான் பாத்திருக்காங்க. இவர் கீழ் வரிக்கு மேலன்னு பாத்ததை அவங்க மேல் வரிக்குக் கீழன்னு பாத்திருக்கலாம்னு எனக்குத் தோணுச்சு. சொல்லல. எனக்கு அங்க வேலை ஆகணுமே.

சாய்வு பன்னண்டு டிகிரின்னு மட்டும் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. சுவேதாவோட பழைய ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடி எடுத்து, பாகைமானியை வச்சு ஒவ்வொரு எழுத்தா சாச்சேன். சாய்ராம் ரகசியமா ஒரு யோசனை சொன்னாரு: "ரெண்டு பிரதி எழுதுங்க சார். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. யாரு ஆபீசுக்கு வர்றாங்களோ அதைக் காட்டிக்கலாம்." எழுதினேன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்துட்டாங்க.

நாடகத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. "அய்யா, மேலயோ கீழயோ எங்கயாச்சும் போடுங்க. அந்த எழுத்துகிட்ட இருந்தாப் போதும். எம்பொண்ணு பன்னண்டு அடி உசரத்துல உக்காந்திருப்பா."

ரவிசங்கர் அய்யா என்னை ரொம்பக் கருணையோட பாத்தாரு. ஒரு சமரசத் தீர்மானம் எழுதச் சொன்னாரு. குறிப்பு மேலயும் வேணாம், கீழயும் வேணாம், ஓரத்துலயும் வேணாம். எல்லாக் குறிப்பையும் வெளியில எடுத்து, கடைசியில பின்னிணைப்பா போட்டுடறது. யாருக்கும் பாரபட்சம் இல்லாம அகர வரிசையில. ஒரே சொல் பல தடவை வந்தா ஒரு தடவை மட்டும். அமர், இறக்கு, எழு, ஏற்று, திரை, நுழை, போ, விளக்கை அணை. மொத்தம் எட்டு. எண்பத்திநாலு பக்கத்துல நான் சிதறி வச்சிருந்த அறுபத்தி மூணு குறிப்பு எட்டு வரியில அடங்கிடுச்சு.

"எந்த எடத்துல இறக்குறதுன்னு எப்படிங்கய்யா தெரியும்?"

"வரிசை இருக்கிறதே. வரிசைப்படி செய்யுங்கள்."

"இறக்கு முன்னாடி இருக்கு, ஏற்று பின்னாடி இருக்குங்களே."

"அது நடைமுறை சார்ந்த கேள்வி. வாரியம் பிரதியை மட்டும்தான் பார்க்கும்" அப்படின்னு கையெழுத்துப் போட்டாரு. முத்திரை விழுந்துச்சு. நான் கும்பிட்டேன். ஏன் கும்பிட்டேன்னு இன்னிக்கும் தெரியல.

மாடிப்படி எறங்குறப்ப சாய்ராம் பின்னாடியே ஓடி வந்தாரு. "பயப்படாதீங்க சார். நாடகத்தன்னிக்குப் பரிசோதனைக்கு நான்தான் வருவேன். இறக்குற எடம் வந்தா பேனா கீழ விழுந்த மாதிரி குனிஞ்சுக்கிறேன். நீங்க உங்க பழக்கப்படி செஞ்சுக்குங்க." நல்ல மனுஷன். அவரை நம்பித்தான் சௌந்தரநாயகிகிட்ட சுவேதாவே ஏறட்டும்னு சொன்னேன். அவ, "இந்த வருஷம் வேற புள்ளைய ஏத்துங்களேன்"னா. வேற புள்ளைன்னா அது யாரு பெத்த புள்ளைன்னு நான்தான் பெரிய நியாயம் பேசினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம். சாய்ராம் வந்தாரு. அவருக்குப் பின்னாடியே ஒரு கார் வந்து நின்னுச்சு. ரவிசங்கர் அய்யா இறங்கினாரு. தன்னோட தீர்மானம் எப்படிச் செயல்படுதுன்னு பாக்க வந்தாராம். முப்பது வருஷ நடுநிலையை எங்க ஊர்ல வந்து கெடுத்துக்கணும்னு இருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு சாய்ராம் பக்கத்துலயே உக்காந்தாரு. சாய்ராம் என்னைப் பாக்கவே இல்ல. பேனாவை ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிருந்தாரு.

முதல்ல 'அமர்'. ராஜா வேஷக்காரர் மேடைக்குள்ள நுழையவே இல்ல, 'நுழை' ஆறாவதா இருக்கு. அதனால சிம்மாசனத்தை வெளியில கொண்டாந்து, வேப்பமரத்தடியில உக்கார வச்சோம். சாய்ராம் டிக் போட்டாரு. ரெண்டாவது 'இறக்கு'. பலகை தரையில கெடந்துச்சு.

"இறக்குங்கள்" அப்படின்னாரு தலைவர்.

"தரையில கெடக்கிறதை எப்படிங்கய்யா இறக்குறது?" அய்யாக்கண்ணு அண்ணன் நெசமாவே கேட்டாரு.

"முயற்சி செய்யுங்கள்."

காவலுக்கு வந்த கான்ஸ்டபிள் முகம்மது யூசுப் பாவம் பாத்து, பலகையை ஒரு சாண் தூக்கித் தரையில வச்சாரு. அதுக்கும் டிக் விழுந்துச்சு. அந்த டிக்குக்கு என்ன அர்த்தம்னு அப்ப எனக்கு உறைக்கல. வேர்த்து ஊத்துற ராஜாவை மரத்தடியிலேருந்து எழுப்பி 'எழு'வை முடிச்சோம்.

'திரை' அஞ்சாவதுங்கிறதால திரையைத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. முதல் ஒண்ணே கால் மணி நேரத்தை மூடின திரைக்குப் பின்னாடியே நடிச்சோம். ஜனங்க பாட்டை மட்டும் கேட்டுக்கிட்டு துணியைப் பாத்து உக்காந்திருந்தாங்க. சில பேரு செல்போன்ல போன வருஷ வீடியோவைப் போட்டு, எங்க பாட்டுக்குச் சேர்த்து வச்சுப் பாத்தாங்க. தலைவருக்கு ரொம்பத் திருப்தி. "கவனம் சிதறாமல் இருக்கிறது பார்த்தாயா?"ன்னு சாய்ராமைக் கேட்டாரு.

அடுத்தது 'ஏற்று'. சுவேதா பலகையில உக்காந்தா. "அப்பா, அந்தாளு போயிட்டாராப்பா?"ன்னு கேட்டா. "போயிடுவாரும்மா"ன்னேன். பெரிய மனுஷங்க எந்த விழாவுல கடைசி வரைக்கும் இருந்திருக்காங்க, ஒரு இளநீரைக் குடிச்சுட்டுக் கிளம்பிடுவாருன்னு நெனச்சேன். ஆறு பேரும் இழுத்தாங்க. பன்னண்டு அடி மேல போனா. திரை தூக்கினோம். கிரீடமும் பாசிமணியுமா அந்தரத்துல அவளைப் பாத்ததும் ஊரே விசிலடிச்சுச்சு. தலைவர் இளநீரைக் குடிச்சு முடிச்சுட்டு இன்னொண்ணு கேட்டாரு.

'அலையே வழிவிடு' ஆரம்பிச்சேன். 'அரசி'ங்கிறதைத் தாண்டுறதுக்குள்ள ரவிசங்கர் அய்யா எழுந்துட்டாரு. "இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?"

"இறக்கப் போறோங்கய்யா."

"இறக்கு ஆகிவிட்டதே" அப்படின்னு சாய்ராம் கையிலேருந்த தாளைக் காட்டினாரு. "ஒரு முறை மட்டும். பாட்டை நிறுத்துங்கள்." மைக்கை அணைச்சாங்க.

ஆர்மோனியத்தை அப்படியே போட்டுட்டுத் தட்டிக்குப் பின்னாடி ஓடினேன். அய்யாக்கண்ணு அண்ணன் கயித்தைக் கம்பத்துல ரெண்டு சுத்து போட்டு நிக்கிறாரு, பின்னாடி அஞ்சு பேரும் நிக்கிறாங்க. "அண்ணே, மெதுவா இறக்குண்ணே"ன்னேன். "பாட்டு எங்கடா நின்னு போச்சு?"ன்னாரு. அதுக்குள்ள யூசுப் வந்து கயித்து மேல கையை வச்சாரு. "ஆபீசர் ஒரு வார்த்தை சொல்லட்டும் சார். எனக்கும் வேலை இருக்கு, குடும்பம் இருக்கு." முரட்டு ஆளெல்லாம் இல்ல அவரு.

அந்தக் கையைத் தட்டிவிட்டு நீயே இறக்கியிருக்கலாமேன்னு கேப்பீங்க. நானும் தினம் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். அஞ்சு மாசமா கவுன்ட்டர்ல நீட்டி நீட்டிப் பழகின கை சார் அது. சான்று ரத்தாயிடுமோ, அடுத்த வருஷம் நாடகம் இல்லைன்னு ஆயிடுமோன்னுதான் அந்த நேரத்துலயும் மண்டையில ஓடுச்சு. எம்பொண்ணு மேல தொங்குறா, நான் கீழ நின்னு உத்தரவுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். பக்கத் தட்டி எட்டடி உசரம்தான். அவளுக்கு அங்கேருந்து நான் நிக்கிறது நல்லாத் தெரியும்.

தலைவர் மாதங்கி அம்மாவுக்குப் போன் போட்டாரு. 'இறக்கு'வை ரெண்டாம் முறை சேர்க்க ரெண்டு பேரும் சம்மதிக்கணும். அந்தம்மா கும்பகோணத்துல ஒரு கல்யாண வரவேற்புல இருந்தாங்க. நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவுல, "தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் வரிக்குக் கீழே"ன்னாங்க. "மேலே"ன்னாரு இவரு. திரும்பத் திரும்ப அதையே பேசி, "சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்"னு அந்தம்மா வச்சுட்டாங்க.

ஜனங்க சலசலத்தாங்க. சௌந்தரநாயகி மேடைக்குக் கீழ நின்னு முந்தானையை விரிச்சுப் புடிச்சிக்கிட்டிருந்தா, விழுந்தா தாங்கிடுவாளாம். ரவிசங்கர் அய்யா மேடையேறி மைக்கைப் போடச் சொன்னாரு.

"அன்பார்ந்த மீனவப் பெருமக்களே, இங்கே ஒரு பெண் தொங்குகிறாள். ஏன் என்று நீங்கள் கேட்பது நியாயமே. இதற்கு முன்பும் எத்தனையோ பெண்கள் எத்தனையோ மேடைகளில் தொங்கியிருக்கிறார்கள். எந்தப் பிரதியின் அடிப்படையில் என்று யாராவது கேட்டோமா? இல்லை. அங்கீகரிக்கப்பட்ட பிரதியின்படி ஒரு பெண் முதன்முதலாகத் தொங்குவது உங்கள் ஊரில்தான். இறக்குவது எளிது. யார் வேண்டுமானாலும் இறக்கிவிடலாம். தவறான இடத்தில் இறக்கப்பட்ட ஒரு பெண்ணைவிட, சரியான இடத்துக்காகக் காத்திருக்கும் பெண்ணே கலைக்குப் பெருமை. என் சொந்த மகளாக இருந்தாலும் இதையேதான் செய்வேன். என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள்."

இந்த மாதிரி நாற்பது நிமிஷம். நிமிஷத்தை நான் எண்ணல, சாய்ராம் எழுதி வச்சிருந்தாரு. அந்தப் பலகை ஒரு பாட்டு நேரம் உக்காரத்தான் லாயக்கு. சறுக்காம இருக்க அவ இடது மணிக்கட்டுல கயித்தைச் சுத்திக்கிட்டா. பாக்கப் பாக்க அந்தக் கை வெளுத்துப் போச்சு. நான் அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன், வேற என்ன தெரியும் எனக்கு?

அப்ப மேலேருந்து பாட்டு வந்துச்சு. மைக் இல்லாம, சுருதிப் பெட்டி இல்லாம, சுவேதாவே பாடுறா. 'அலையே வழிவிடு, அரசி'. தலைவர் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பாத்தாரு. 'வ'ன்னு அந்த எழுத்து விழுந்துச்சு. ஆறு பேரு கையும் இளகிச்சு. யூசுப் கை சும்மா கயித்து மேலயே கெடந்துச்சு. எட்டுத் தாளத்துல பலகை தரையைத் தொட்டுச்சு. அப்புறம் விசாரணையில அய்யாக்கண்ணு அண்ணன், "நான் எங்கங்க இறக்கினேன், பாட்டு வந்துச்சு, கை இறக்கிச்சு"ன்னு சொன்னாரு. அதையும் எழுதிக்கிட்டாங்க.

இடது கையில கடைசி ரெண்டு விரலு இப்ப மடங்கல. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு வாரம் ஒரு தடவை பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். நரம்பு அழுந்தியிருக்கு, வரலாம், வராமலும் போகலாம்னாங்க. நர்சிங் காலேஜ்ல ஒரு வருஷம் பொறுத்துப் பாப்போம்னிருக்காங்க.

ஆவணியில வாரியத்துலேருந்து பதிவுத் தபால் வந்துச்சு. 'கடலரசி கல்யாணம்', திருத்திய அங்கீகாரப் பிரதி, வழவழன்னு அச்சடிச்சு. கூடவே பாராட்டுக் கடிதம். கள ஆய்வாளர் சாய்ராம் நேர்ல பாத்துக் குறிச்சதுங்கிறதால, விதி பதினாலைத் தளர்த்தி, முதன்முறையா குறிப்பைப் பாட்டு வரிக்குள்ளயே சேர்த்திருக்காங்களாம். மேலயா கீழயாங்கிற சண்டைக்கும் முடிவு கட்டியாச்சாம். வர்ற வருஷம் இந்தப் பிரதிப்படி நடத்தினாத்தான் அனுமதி. தலைவர் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தாரு: 'தங்கள் ஒத்துழைப்பு மறக்க முடியாதது.'

முப்பத்தோராம் பக்கத்தைப் பிரிச்சேன். 'அரசி'க்கும் 'வருகிறாள்'க்கும் நடுவுல, பன்னண்டு டிகிரி சாய்வுல போட்டிருந்துச்சு: அரசி தொங்குகிறாள். நாற்பது நிமிடம். தந்தை கயிற்றருகே நின்று அழுகிறார்.

நான் மூடி வைக்கிறதுக்குள்ள சுவேதா வாங்கிட்டா. பக்கம் மூடிக்காம இருக்க இடது கையை அது மேல வச்சா, அந்த ரெண்டு விரலும் வெறைப்பா நின்னுச்சு. வலது கையால தொடையில தாளம் போட்டு, அந்த வரியை ரெண்டு தடவை மெதுவா பாடிப் பாத்தா.

"தூக்கிப் போடும்மா அதை. எங்கயோ எதையோ போட்டு வச்சிருக்காங்க"ன்னேன்.

"இல்லப்பா, சரியான எடத்துலதான் போட்டிருக்காங்க" அப்படின்னா. "அங்கதான் நீ அழுதுகிட்டு நின்னே. மேலேருந்து நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."